லாத்ராப் ஆலையில் குழந்தை பிறக்காத ஆண்கள்: 1977இன் ஒரு நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் நகருக்குப் பக்கத்தில் லாத்ராப் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் பழத்தோட்டங்கள். 1970களில் அங்கே ஆக்சிடென்டல் கெமிக்கல் நிறுவனத்தின் உர, பூச்சிமருந்து ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேளாண் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் சில டஜன் ஆண்கள்தான். பெரும்பாலும் கல்யாணமானவர்கள், நல்ல உடம்புக்காரர்கள். வேலைக்கு நடுவே பேசிக்கொள்ளும்போது ஒரு விஷயம் அவர்களுக்கே உறைக்கத் தொடங்கியது. இந்தப் பிரிவுக்கு வந்த பிறகு நம்மில் யார் வீட்டிலாவது தொட்டில் கட்டியிருக்கிறார்களா? ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தார்கள். அப்படிச் சொல்லிக்கொள்ள அநேகமாக ஆளே இல்லை.

இந்த ஆண்கள் தனித்தனியாக டாக்டரிடம் போயிருந்தால் இது வெளிவந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒருவருக்குக் குழந்தை இல்லை என்றால் அது அந்த வீட்டுச் சங்கதி. முதலில் மனைவிக்குத்தான் பரிசோதனை நடக்கும். பத்துப் பேருக்கு இல்லை, பத்துப் பேரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள் என்னும்போதுதான் கேள்வி வீட்டை விட்டு ஆலைக்குள் போகிறது. அந்தச் சமயத்தில் தொழிலிட ஆபத்துகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்திருந்த குழுவினரின் காதிலும் இந்தப் பேச்சு விழுந்தது. அவர்களும் தொழிற்சங்கமும் முயன்றதில், 1977 கோடையில் சிலர் விந்துப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்தார்கள். நம் ஊர் ஆய்வகங்களில் விந்தணு எண்ணிக்கையை ‘கவுண்ட்’ என்று சொல்வோமே, அதேதான். முடிவுகள் மிக மோசமாக வந்தன. பெர்க்லியில் தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றில் இருந்த மருத்துவர் டொனால்ட் வார்ட்டன் மற்றவர்களையும் முறையாகப் பரிசோதிக்கத் தொடங்கினார்.

அந்தப் பிரிவில் கையாளப்பட்டது டிபிசிபி என்ற ரசாயனம். முழுப்பெயர் டைப்ரோமோகுளோரோபுரொப்பேன். செடிகளின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல மண்ணில் செலுத்துவது. 1950களின் நடுவில் டவ், ஷெல் ஆகிய இரண்டு நிறுவனங்களும் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. டவ் அதை ஃபியூமசோன் என்றும் ஷெல் நெமகான் என்றும் விற்றன. வாழை, அன்னாசி, பீச், திராட்சை என எங்கும் போனது. மூச்சு வழியாகவும் உள்ளே போகும், தோல் வழியாகவும் போகும்.

வெளியே எல்லாம் சரி

இந்த நிகழ்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது, அந்த ஆண்களிடம் வெளியே தெரிந்த எந்தக் குறையும் இல்லை என்பதுதான். தாடி, மீசை, குரல், தசைபலம், தாம்பத்தியத்தில் நாட்டம் எல்லாம் இருந்தபடியே இருந்தன. விந்தும் வழக்கம்போல வெளியேறியது. ஆனால் சிலருடைய விந்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு விந்தணுகூட இல்லை.

இது எப்படிச் சாத்தியம்? விந்து என்று வெளிவருவதில் பெரும்பகுதி விரையிலிருந்து வருவதே இல்லை. சிறுநீர்ப்பையின் பின்புறம் இருக்கும் இரண்டு விந்துப்பைகள் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நீர்மத்தைச் சுரக்கின்றன. விந்தணுவுக்கு எரிபொருளான ஃபிரக்டோஸ் சர்க்கரை அதில்தான் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு சிறுநீர்ப்பைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் புரோஸ்டேட் சுரப்பியின் வேலை. விரையிலிருந்து வரும் சரக்கு மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போகாது. அந்த ஐந்து பங்கு காணாமல் போனால் அளவிலோ நிறத்திலோ கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இருக்காது. கூடப் படுத்திருக்கும் மனைவிக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தண்ணீராக இருந்தால் பலவீனம், கெட்டியாக இருந்தால் வீரியம் என்று நம் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதற்கு அடித்தளமே இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்புறம் விரை. ஏறக்குறைய நான்கைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தச் சிறு உறுப்புக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டையும் செய்வது வெவ்வேறு செல்கள். விரையை வெட்டிப் பார்த்தால் இருநூறுக்கும் மேற்பட்ட சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் நூல்கண்டு போலச் சுருண்ட ஒன்று முதல் நான்கு நுண்குழல்கள் இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து நீட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். விந்தணு உற்பத்தி இந்தக் குழல்களின் சுவருக்குள்தான். குழல்களுக்கு இடையே இருக்கும் இடுக்குகளில் லேடிக் செல்கள் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். 1850இல் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் லேடிக் விவரித்ததால் அந்தப் பெயர். டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பவை இவைதான். குழலுக்குள் நடப்பது பிள்ளைக்கான வேலை, இடுக்கில் நடப்பது மீசைக்கான வேலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று நின்றாலும் மற்றது ஓடலாம். லாத்ராப் ஆண்களுக்கு நடந்தது அதுதான்.

பேருந்து நிலையச் சுவர்களில் ‘ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை’ என்று சேர்த்தே ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்க்கும்போது எனக்கு லாத்ராப்தான் ஞாபகம் வருகிறது. அந்த இரண்டும் ஒன்றல்ல. விறைப்பில் பிரச்சினை உள்ள ஆணுக்கு அருமையான கவுண்ட் இருக்கலாம். எந்தப் பிரச்சினையும் இல்லாத ஆணுக்குக் கவுண்ட் பூஜ்யமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே லேகியம் விற்பவருக்கு மட்டும்தான் அவை ஒன்று.

மருத்துவர்கள் கண்டது

வார்ட்டன் குழுவின் ஆய்வு 1977 கடைசியிலேயே லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளாத 25 ஆண்களில் 14 பேருக்கு விந்தணுவே இல்லை அல்லது மிகக் குறைவு. அளவு எத்தனை என்பதைவிட, அது வேலை செய்த காலத்தோடு பொருந்தி வந்ததுதான் முக்கியம். ஒரு மில்லிலிட்டருக்கு 4 கோடிக்கு மேல் விந்தணு இருந்த எவரும் டிபிசிபியோடு 3 மாதத்துக்கு மேல் வேலை செய்திருக்கவில்லை. 10 லட்சத்துக்கும் கீழே போனவர்கள் அனைவரும் குறைந்தது 3 ஆண்டுகள் அங்கே இருந்தவர்கள். காற்றில் எவ்வளவு டிபிசிபி இருந்தது என்பதற்கு ஒழுங்கான அளவீடு ஆலையில் இல்லை. ஆகவே சர்வீஸ் காலத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

ரத்தப் பரிசோதனை இன்னும் சுவாரஸ்யமானது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்எச் என்பது லேடிக் செல்களுக்குப் போகும் உத்தரவு: டெஸ்டோஸ்டிரோன் செய். எஃப்எஸ்எச் குழலுக்குள் இருக்கும் செர்டோலி செல்களுக்குப் போகும் உத்தரவு: விந்தணு வளர்ப்பைக் கவனி. வேலை சரியாக நடந்தால் விரை பதில் அனுப்பும், உத்தரவு தணியும். நடக்காவிட்டால் பதில் வராது, பிட்யூட்டரி இன்னும் சத்தமாகக் கேட்கும். லாத்ராப் ஆண்களுக்கு எஃப்எஸ்எச் ஏறியிருந்தது. எல்எச்சும் ஏறியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் சரியான அளவில் இருந்தது. மேலிருந்து கொஞ்சம் கூடுதலாக அழுத்தம் கொடுத்தாவது லேடிக் செல்கள் தங்கள் கணக்கைச் சரிக்கட்டிவிட்டன என்றே இதைப் படிக்க வேண்டும். குழலுக்குள் அந்தச் சமாளிப்பு நடக்கவில்லை.

செர்டோலி செல்கள் பிட்யூட்டரிக்கு அனுப்பும் பதிலுக்கு இன்ஹிபின் என்று பெயர். 1932இலேயே அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று ஊகித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுக்க 1980களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாத்ராப் நடந்த சமயத்தில் இன்ஹிபின் பெயரளவில்தான் இருந்தது. ஆனாலும் எஃப்எஸ்எச் ஏறினால் குழலில் கோளாறு என்ற அனுபவக் கணக்கு மருத்துவர்களிடம் இருந்தது.

அதே ஆலையில் இன்னும் 11 பேர் ஏற்கெனவே வாசெக்டமி செய்துகொண்டவர்கள். இவர்களிடம் கவுண்ட் எடுத்துப் பயனில்லை. விரையிலிருந்து புறப்படும் விந்தணு எபிடிடிமிஸ் என்ற சுருளுக்குள் நுழைகிறது. விரையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுருளை நீட்டினால் சுமார் 6 மீட்டர். அங்கே இரண்டு வாரம் போல ஊறித்தான் நீந்தும் திறன் பெறுகிறது. பிறகு விந்துக்குழல் வழியாக இடுப்புக்குள் ஏறி, சிறுநீர்ப்பையைச் சுற்றிப் புரோஸ்டேட்டுக்குள் இறங்குகிறது. வாசெக்டமியில் வெட்டிக் கட்டுவது விரைப்பையின் மேற்பகுதியில் அந்தக் குழலைத்தான். பாதையை மறித்தாலும் உற்பத்தி நிற்பதில்லை. உருவாகும் விந்தணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிவிடும். எஃப்எஸ்எச் மாறாது, டெஸ்டோஸ்டிரோன் மாறாது. வாசெக்டமி செய்தால் தெம்பு போய்விடும், கனமான வேலை பார்க்க முடியாது என்ற பயத்தில்தான் நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சுமை பெண்கள் தலையில் விழுகிறது. சரி, அது வேறு கதை. பாதையை அடைத்த ஆணுக்கு உற்பத்தி உள்ளே ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எஃப்எஸ்எச்சைப் பார்க்கலாம், இல்லையென்றால் விரையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம்.

சிலரிடம் அப்படித் துண்டு எடுத்தும் பார்த்தார்கள். குழல்கள் இருந்தன. சுவரில் செர்டோலி செல்கள் வரிசையாக நின்றன. இடுக்கில் லேடிக் செல்களும் இருந்தன. விந்தணுவாக மாற வேண்டிய மூலச்செல்களை மட்டும் பல குழல்களில் காணோம்.

ஏன் அவை மட்டும்

1865இல் என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலிய இளைஞர், மருத்துவ மாணவராக இருந்தபோது, குழல் சுவரில் மரம்போல நிற்கும் செல்களை விவரித்தார். வளரும் விந்தணுக்களுக்கு இவை செவிலித்தாய். ஒரு செர்டோலி செல்லும் அடுத்ததும் பக்கவாட்டில் இறுக்கமாகத் தையல் போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தையல்தான் ரத்த–விரைத் தடுப்பு. பருவ வயதில்தான் விந்தணுக்கள் உருவாகத் தொடங்குவதால், அவற்றை நோய் எதிர்ப்பு அமைப்பு அந்நியமாகப் பார்க்கும். அதன் கண்ணில் படாமல் மறைக்கவே இந்த ஏற்பாடு. ரத்தத்திலிருந்து வரும் பல பொருள்களும் இதைத் தாண்ட முடியாது.

ஆனால் அந்தத் தையலுக்கு வெளிப்பக்கம் ஒரு மாடி கீழே, சுவரின் அடித்தளத்தில், மூலச்செல்கள் இருக்கின்றன. புதிய விந்தணுக்களுக்கு மூலதனம் அவைதான். தடுப்பு அரணுக்குள் வளர்ந்த பிள்ளைகள் பத்திரம், விதைநெல் வாசலில் கிடக்கிறது என்பதுபோன்ற அமைப்பு. ரத்தத்தில் எது ஓடினாலும் இவற்றைத் தொட்டுவிட்டுத்தான் போகும். மேலும் இவை ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள். டிபிசிபி உடலுக்குள் உடைந்து உருவாகும் பொருள்கள் டிஎன்ஏவைத் தாக்குபவை. பிரியும் செல்லுக்கு அது இரட்டை அடி. செர்டோலி செல்களோ வளர்ந்த ஆணிடம் பெரும்பாலும் பிரிவதே இல்லை.

ஒரு மூலச்செல் முழு விந்தணுவாக மாற ஏறத்தாழ 74 நாள், எபிடிடிமிஸ் பயணம் தனி. ஆக இன்றைக்கு நடந்த சேதம் கவுண்டில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதத்தில் பரிசோதித்திருந்தால், சேதம் தொடங்கியிருந்தாலும் கவுண்ட் நன்றாகவே இருந்திருக்கும். காய்ச்சல், கடும் வெப்பம், சில மருந்துகள் எதுவானாலும் இதே கணக்குதான். கவுண்ட் குறைந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

16 ஆண்டு முன்பே

இதெல்லாம் 1977இல் திடீரென்று தெரியவந்த ரகசியம் அல்ல. 1961இலேயே டவ், ஷெல் சார்பில் நடந்த விலங்குச் சோதனைகள் ஒரு நச்சியல் இதழில் வெளியாகியிருந்தன. டிபிசிபி ஆவியைச் சுவாசித்த எலிகள் முதலான விலங்குகளுக்கு விரைகள் சுருங்கின. மனிதர்களுக்குக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே வைத்துக்கொள்ளும்படி அதிலேயே எழுதியிருந்தார்கள். அப்புறமும் மருந்து தொடர்ந்து விற்பனைக்குப் போனது. ஆலையில் கலந்து ஊற்றியவர்களிடம் யாரும் விரைகளைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஆய்வை எழுதியவர்களைவிட, அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

லாத்ராப் வெளிவந்ததும் ஆர்கன்சாஸில் மக்னோலியா என்ற ஊரிலிருந்த டவ் ஆலையிலும் சோதித்தார்கள். அங்கேயும் இதே கதை. கலிஃபோர்னியா அந்த ஆகஸ்டிலேயே பயன்பாட்டை நிறுத்தியது. அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1978இல் விதித்த உச்சவரம்பு, காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு. 1961இல் சொன்னதைவிட ஆயிரம் மடங்கு இறுக்கம்.

கட்டுப்பாடு வரும் சமயத்தில் அமெரிக்க பீச் விவசாயிகளின் சங்கம் அரசுக்கு ஒரு கடிதம் போட்டது. கருத்தடை செய்துகொள்ள நினைக்கும் ஆண்கள் அறுவைக்குப் பதிலாக இந்த வேலைக்கு முன்வரலாமே என்பது அதில் இருந்த யோசனை. கிண்டலுக்கு எழுதியது அல்ல. எழுதியவருக்கு வாசெக்டமி என்பது என்ன என்றே தெரியவில்லை என்பது என் எண்ணம். அது குழாயை மறிப்பது. இது விதைநெல்லையே எரிப்பது, அதுவும் டிஎன்ஏவைக் கிழித்து. விலங்குகளில் புற்றுநோய் வரவழைத்த பொருளும்கூட.

அமெரிக்காவில் 1979இல் ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக எல்லா இடத்திலும் டிபிசிபி நிறுத்தப்பட்டது. 1985இல் ஹவாயிலும் நின்றது. ஆனால் வெளிநாட்டு வாழைத் தோட்டங்களுக்குப் போவது உடனே நிற்கவில்லை. டவ் சரக்கைத் திரும்பப் பெற முயன்றபோது, அது ஒப்பந்த மீறல் என்று வாழை நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஃபுரூட் எதிர்த்தது. டவ் இறங்கிவந்து அனுப்பியது.  கோஸ்டாரிகாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் மலடானார்கள். மண்ணில் மருந்தை ஊசிபோலக் குத்திச் செலுத்தியவர்கள் அவர்கள். லாத்ராப்பில் சக தொழிலாளிகளுடன் பேச ஓர் இடமும் சங்கமும் இருந்தன. கோஸ்டாரிகாத் தொழிலாளர்களுக்குக் கேள்வியே பல ஆண்டு கழித்துத்தான் வந்தது.

இஸ்ரேலில் டிபிசிபி ஆலைத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அங்கே கிடைத்த ஒரு தகவல் நம் வீடுகளில் பேசப்பட வேண்டியது. சேதத்துக்குப் பிறகும் அப்பாவானவர்களுக்குப் பிறந்ததில் ஆண் பிள்ளைகளின் பங்கு நன்றாகக் குறைந்திருந்தது. பிள்ளை ஆணா பெண்ணா என்பது விந்தணு எக்ஸ் குரோமோசோமைச் சுமந்து வருகிறதா, ஒய்யைச் சுமந்து வருகிறதா என்பதில் இருக்கிறது. கருமுட்டைக்கு அதில் தேர்வே இல்லை. அப்பாவின் உடம்பில் நடந்த சேதம் பிள்ளைகளின் பாலினக் கணக்கிலேயே தடம் பதித்திருக்கிறது.

குணமானவர்கள் உண்டா? சில மாதங்களே வேலை செய்தவர்கள், கவுண்ட் குறைந்தும் பூஜ்யமாகாதவர்கள், வேலையை விட்டபின் பலரும் மீண்டார்கள். சில மூலச்செல்கள் தப்பியிருந்தால் அவையே மறுபடி பெருகும். ஒன்றிரண்டு சுழற்சிகளில் கவுண்ட் ஏறத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் இருந்து, விந்தணுவே இல்லாமல் போனவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பவில்லை. இவர்களில் யார் மீள்வார், யார் மாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல மருத்துவர்களுக்கு ரத்தத்தில் இருந்த எஃப்எஸ்எச் அளவுதான் உதவியது. மிக உயரத்தில் நின்றவர்களுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அப்படியேதான் இருந்தது. குழலில் பதில் சொல்ல யாரும் இல்லை என்று பிட்யூட்டரிக்குத் தெரியாது. அது அனுப்பிக்கொண்டே இருந்தது.